முழங்கால் மடக்கிய ஈரம்

கொட்டகையில் முட்டுக்கட்டைமேல் நின்ற உல்லாசப் படகு இன்னும் தண்ணீரையே பார்த்ததில்லை. ஆனாலும் அதன் புது மெத்தையில் காலைதோறும் உப்பு ஈரம். முழங்காலை மடக்கிப் படுத்த ஆளின் வடிவில்.

"நாளைக்கு முதலாளி வர்றார். இதைப் பாத்தா வேலை நம்ம கைவிட்டுப் போயிடும் அண்ணி," என்றான் தச்சுவேலை பார்க்கும் கொழுந்தன்.

படகின் அறைகளை வடிவமைத்த அண்ணி அசரவில்லை. "கால் நீட்ட இடமில்ல, பாவம். என் அளவுதான் தப்பு. அலமாரியை எடு, கட்டிலை நீட்டு."

"யாருக்கு அண்ணி?"

"படுக்கிறவங்களுக்குத்தான். உனக்கா?"

இரவோடிரவாகக் கட்டிலை நீட்டினார்கள். மறுநாள் மெத்தை காய்ந்திருந்தது. போர்வை அழகாக மடிக்கப்பட்டிருந்தது. கொழுந்தன் அப்பாடா என்றான்.

வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. அப்போதுதான் எதிர் இருக்கையைப் பார்த்தார்கள். அதில் ஒரு குழந்தையளவு ஈரம் சுருண்டு கிடந்தது.

அண்ணி அளவு டேப்பை எடுத்தாள். "போய் அவர்கிட்ட கொஞ்சம் பேச்சு கொடுத்துட்டிரு."