இரண்டாவது ஆள்

குடியை விடுவதற்கான நான்காவது கூட்டத்தையும் பாதியில் விட்டுவிட்டு லிஃப்ட் மெக்கானிக் வீடு திரும்பியபோது, மனைவி கதவைத் திறக்கவில்லை. ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறந்தாள்.

"இன்னைக்கு என்ன குறை?"

"ஹாலுக்கு நேர் கீழே டாஸ்மாக் பார் இருக்கு. மேல குடியை விடுறதப் பத்திப் பேசுறாங்க, கீழ கிளாஸ் சத்தம் கேக்குது. மனுஷன் எப்படி உட்காருவான்?"

"போன வாரம்?"

"அங்க அழறதுகூட இங்கிலீஷ்ல அழறாங்க. நான் எங்க போய் அழறது?"

"அதுக்கு முன்னாடி?"

"சூப்பர்வைசரோட மச்சான் முன்னாடியே உட்கார்ந்திருந்தான். மறுநாளே கம்பெனி முழுக்கத் தண்டோரா போட்டிருப்பான்."

"முதல் கூட்டத்தை ரெண்டு பஸ் மாறணும்னு விட்டீங்க. குடிக்கப் போறதுன்னா மட்டும் மூணு பஸ் மாறினாலும் கால் வலிக்காது."

அவன் சொன்னவை அனைத்தும் உண்மை. உண்மைகளையே சாக்காக அடுக்கப் பழகியவனுக்குப் பொய் தேவைப்படுவதில்லை.

அவள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"இதுதான் கடைசி. நூலகத்துப் பின்னறை, நாளைக்கு ஆறு மணி. ஏழு வரைக்கும் இருந்ததா கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா பிள்ளைங்களோட அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க பாட்டிலாச்சு."

ஜன்னலும் மூடியது. அன்று அவன் படுத்தது, வேலை பார்க்கும் கட்டடத்தின் மோட்டார் அறையில்.

மறுநாள் நூலகத்தின் பின்வாசலில், கையில் பூட்டோடு நின்றிருந்தார் காவலாளி.

"உங்களுக்கு நல்ல நேரம்தான். ஒரே ஆள்னா ரூம் கிடையாது, ரெண்டு பேராவது இருக்கணும். அதுவும் குடிக்கிறவங்களா இருக்கணும், துணைக்கு வர்றவங்களைச் சேர்த்துக்க மாட்டாங்க. அந்தம்மா வந்தாச்சு, போங்க."

உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்திருந்தார். கழற்ற மறந்த அளவு டேப் கழுத்தில் தொங்கியது. தையல்காரர் என்று சொல்லாமலே தெரிந்தது.

"உட்காருங்க தம்பி. நானும் உங்களை மாதிரிதான்."

நீட்டிய தண்ணீரை வாங்கினான். முந்தைய நாளிலிருந்து ஒரு சொட்டு மதுவும் இறங்காத உடம்பு. பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

வேறு யாரும் வரவில்லை. தையல்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு தம் கதையைத் தொடங்கினார்.

"காலையில ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா போதும், கை நடுங்க ஆரம்பிச்சிடும். அப்புறம் ஊசியில நூல் கோக்கவே முடியாது…"

மெக்கானிக் நிமிர்ந்தான். குடிக்காதபோதுதான் கை நடுங்கும். காலையில் இறங்கும் முதல் மடக்கு அந்த நடுக்கத்தை நிறுத்தும். பதினோரு ஆண்டுகளாக அவன் ஸ்பானரைப் பிடித்ததே அப்படித்தான்.

"அம்மா, கடைசியா என்ன குடிச்சீங்க? பேரைச் சொல்லுங்க."

"அதான்… பாட்டில்ல வருமே…"

"நீங்க வாழ்க்கையில ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல! எங்க நாறின கதையைக் கேக்கிறது உங்களுக்குப் பொழுதுபோக்கா?"

கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததை அவன் அறிவான். ஐந்தாவது சாக்கு கிடைத்துவிட்டது. எவரும் குற்றம் சொல்ல முடியாத சாக்கு.

வாசலுக்குப் போய்க் கத்தினான். "வாட்ச்மேன்! கொஞ்சம் இங்க வாங்க!"

தையல்காரம்மா கெஞ்சவில்லை. டேப்பைக் கழற்றி விரலில் சுற்றத் தொடங்கினார்.

"சொல்லிடுங்க தம்பி. எப்பவும் வர்றவங்க பேசுவாங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்துடுவேன். இன்னைக்கு நாம ரெண்டே பேர், பேசி மாட்டிக்கிட்டேன்."

"எதுக்கு இந்த வேஷம்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் இங்க வந்தார். அன்னைக்கு வேற யாரும் வரல. ஒரு ஆளுக்குக் கூட்டம் கிடையாதுன்னு ரூமைப் பூட்டிட்டாங்க. வீட்டுக்குத் திரும்பி வந்து, 'பூட்டியிருந்துச்சு'ன்னார்."

டேப் சுற்றி முடிந்தது. மறுபடி அவிழ்த்தார்.

"அதுக்கு முன்னாடி எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன். இதுவும் ஒண்ணுன்னு நெனச்சு நானும் கதவைச் சாத்திட்டேன். காலையில திறந்தா, வாசப்படியிலயே கிடக்கிறார். கையைத் தொட்டுப் பார்த்தேன். நடுக்கம் நின்னு போயிருந்துச்சு."

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்தான்.

"அதுலேருந்து வாரம் தவறாம வர்றேன். வர்றவங்க யாரும் தனி ஆளாத் திரும்பிப் போகக் கூடாது பாருங்க."

காவலாளி தலையை நீட்டினார். "என்னங்க, கூப்பிட்டீங்களா? ஏதாவது தகராறா?"

மெக்கானிக் தன் நாற்காலியைத் தையல்காரம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்லீங்க. ஏழு மணி வரைக்கும் பூட்டைக் கையில எடுக்காதீங்க. உள்ள குடிகாரங்க ரெண்டு பேர் இருக்கோம்."