பிரான்காச்சோ றெயில்

“இண்டைக்கும் பிந்தித்தான் வாறாய், றோசா! இனியும் பிந்தினால் வேறை ஆள் பார்ப்பன்” என்று வேலைவீட்டு வெள்ளைக்கார எசமானி சிஞ்ஞோரா சீறினாள்.

“நான் என்ன செய்ய, சிஞ்ஞோரா? ஊர்க்கோடிப் பிரான்காச்சோவிலையிருந்து வாற பஸ் தான் நினைச்ச நேரத்துக்குத்தான் வரும்.” றோசமலருக்கு மூச்சு வாங்கியது. “கடைச் சாமானுக்கு வரி கூட்டி எங்கடை பக்கம் றெயில் விடப்போகினம். ஞாயிற்றுக்கிழமை ‘ஓம்’ எண்டு வாக்குப் போடுங்கோ.”

“என்ரை கோப்பித்தூளுக்கும் வரியோ?”

“ஓம். ஆனால் றெயில் வந்தால் அந்தக் கோப்பி விடியவே சுடச்சுட உங்கடை கட்டிலுக்கு வரும்.”

சிஞ்ஞோரா ஞாயிறன்று மாடிவீட்டுச் சனம் முழுவதையும் திரட்டிக்கொண்டு போனாள். வரி வென்றது.

“றெயில் வருமட்டும் நீ பிந்தி வா, பரவாயில்லை” என்றும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து றோசமலர் இதைச் சொன்னதும் கணவன் எமிலியானுஸ் கேட்டான்:

“றெயில் வந்தால் என்னப்பா செய்வாய்?”

“இந்த ஊரிலை தண்டவாளம் போட்டு முடிய எங்கடை பிள்ளையளுக்கும் கலியாணம் முடிஞ்சிடும். அதுவரைக்கும் ஆறுதலா எழும்பலாம். இஞ்சேருங்கோ, முதல் அந்த யன்னலைச் சாத்துங்கோ! பிரான்காச்சோவை விட்டு இஞ்சை குடிவந்தது தெரிஞ்சால் துலைஞ்சம். சிஞ்ஞோரா எதிர் பல்கனிக்கு வந்திட்டா!”