துண்டு போட்ட நாற்காலி

ஊர் நாடக மன்றத்தில் ஆண்டு விழா. உட்கார இடமில்லாமல் பாதிக் கூட்டம் பின்னால் நின்றது. முன்வரிசையில் ஒரு பழைய நாற்காலி மட்டும் காலி. அதன் முதுகில் ஒரு துண்டு தொங்கியது.

"யாருக்கு இடம் பிடித்திருக்கிறாய்?" என்று துண்டைக் கேட்டது பக்கத்துப் புது நாற்காலி.

"முனிரத்தினம் ஐயாவுக்கு. என்னைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்."

"எப்போது?"

"போன வருஷ விழாவில்."

"அடப்பாவி! வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்களே!"

"அதனால் என்ன? சொன்னால் சொன்னபடி வருவார்."

புது நாற்காலி பழைய நாற்காலியிடம் திரும்பியது. "உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. ஒரு வருஷமாகச் சும்மா நிற்கிறாய்."

பழைய நாற்காலியின் கால்கள் நடுங்கின.

"சும்மாவா? அன்றைக்கே திரும்பி வந்து உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை."