ஆடுகிற கேமரா

"இந்தப் படத்துக்கு டிக்கெட்டோட ஆளுக்கொரு வாந்தி மாத்திரையும் குடுத்துடுங்க சார்."

எடிட்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் திரையில் ஓர் இருட்டு வீடு குலுங்கிக்கொண்டிருந்தது.

"வேணும்னே எடுத்ததும்மா" என்றார் டைரக்டர். "பேய் வீட்டுல மாட்டிக்கிட்ட குடும்பத்துல, அப்பாவே கையில கேமரா பிடிச்சு எடுத்தது. பின்னாடி யாரோ அதைக் கண்டெடுத்துப் போட்டுப் பார்க்கிறாங்க. கதையே அதானே!"

"பேய் துரத்தும்போது எந்த அப்பனாவது மகளை விட்டுட்டுக் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடுவானா?"

டைரக்டர் காதைச் சொறிந்துகொண்டார்.

"பின்னணி இசை கூடாதுங்கறீங்க. வேற கோணமும் கிடையாது. ஒரு ஷாட் சொதப்பினா அதை வெட்டிட்டு எதை ஒட்டறது? முதல் நாள் காலையில ஒழுங்கா ஸ்டாண்ட் போட்டுத்தான் எடுத்தீங்க. மதியம் சாப்பிட்டு வந்ததும் எல்லாத்தையும் தலைகீழா மாத்திட்டீங்களாமே?"

"தோணிச்சு, மாத்தினேன்."

"உங்களுக்குத் தோணினா, அதுக்கு அவர்தான் கிடைச்சாரா?"

அவர் என்பது கேமராமேன். அவர் பிடித்தால் கேமரா சுவரில் அறைந்த ஆணி மாதிரி நிற்கும் என்று தொழிலில் பேர் வாங்கியவர். எடிட்டருக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அவரைத்தான் படப்பிடிப்பு முழுக்க டைரக்டர் விரட்டியிருந்தார். ஷாட்டுக்கு முன்னும் பின்னும் அந்தச் சத்தமெல்லாம் பதிவாகியிருந்தது.

"ஸ்டாண்டைத் தொடாதீங்கண்ணே! நல்லா ஆட்டுங்க! நீங்க கேமராவே பிடிக்கத் தெரியாத ஆளு, ஞாபகம் இருக்கட்டும்!"

அத்தனை பேர் முன்னால்! கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நேராவே சொல்லிடறேன். ஸ்டாண்ட் போட்டு மறுபடி எடுங்க. இல்லேன்னா இது தேறாதுன்னு தயாரிப்பாளர்கிட்ட நானே சொல்லிடுவேன்."

டைரக்டர் முகம் வாடிவிட்டது. படத்தை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத் தயாரிப்பாளர் காத்திருந்ததே எடிட்டரின் அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்மா" என்று எழுந்து போனார்.

யோசிக்க என்ன இருக்கிறது? எடிட்டர் முதல் நாள் காலையில் எடுத்ததைத் தேடிப் போட்டாள். கேமராமேன் கைவண்ணத்தைத் தயாரிப்பாளரே பார்க்கட்டும்.

கேமரா கதவிலிருந்து ஜன்னல் பக்கம் மெல்லத் திரும்ப வேண்டும். பாதி வழியில் ஓர் உதறல். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் உதறல்.

"சரி, சாப்பிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்றது டைரக்டரின் குரல்.

எல்லோரும் போய்விட்டார்கள். கேமராவை நிறுத்தத்தான் மறந்துவிட்டார்கள். திரையில் காலி அறை ஓடிக்கொண்டே இருந்தது.

கேமராமேன் மட்டும் திரும்பி வந்தார். மேசையில் இருந்த இன்னொரு லென்ஸுக்கு மூடி போடப் பார்த்தார். விரல்கள் நடுங்கின. மூடி கீழே விழுந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கதவருகே, கையில் சாப்பாட்டுத் தட்டோடு டைரக்டர்.

பார்த்தார். சத்தம் காட்டாமல் அப்படியே பின்னால் நகர்ந்து மறைந்தார்.

சற்று நேரத்தில் வெளியிலிருந்து அவர் குரல் ஊரைக் கூட்டியது. "எல்லாரும் இங்க வாங்க! அந்த ஸ்டாண்டைத் தூக்கி வண்டியில போடுங்க! இனிமே இந்தப் படத்துல கேமரா ஆடாத ஷாட் ஒண்ணு இருக்கக் கூடாது!"

டைரக்டரையா போய் வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று எடிட்டருக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் துண்டை அழித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

கதவு தயங்கித் திறந்தது. கேமராமேன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன.

"தயாரிப்பாளர் உன்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரும்மா. ஆட்டம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கோ?"

"ஜாஸ்தியா?" எடிட்டர் திரை பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் ஆட்டியிருக்கலாம்ணே!"