ஓடிய நூல்

1987-ஆம் ஆண்டு ஆவணி மாதம். ரெட்டியார்பாளையம் சாமிக்கண்ணு, பஞ்சாலையில் நூலோடு மாரடித்து ஓய்வு பெற்றவர், மகள் அஞ்சலாட்சி ஆராய்ச்சி செய்யும் லேபுக்குக் கோபமாகத்தான் வந்தார்.

"மாப்பிள்ள வூட்ல அவசரப்படுறாங்க. இத்தினி நாளா இங்க என்னதான் செய்யிற?"

அஞ்சலாட்சி நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டபடி சொன்னாள். "நம்ம தசைக்குள்ள மோட்டார் மாதிரி ஒரு புரதம் இருக்குப்பா. அத கண்ணாடியில ஒட்டிட்டு, நூல் மாதிரி இன்னொரு புரதத்த மேல விட்டா, மோட்டார் அந்த நூல தள்ளிவிட்டு ஓட்டணும். எவ்ளோ வேகமா ஓடுதுன்னு நான் அளக்கணும்."

"ஓடுச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"அப்ப வர்ற தையில கல்யாணம்" என்றவர், போகிற போக்கில் குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். உடனே கத்தினார்.

"ஓடுதும்மா! கறுப்பா, வளைஞ்சு வளைஞ்சு, மேலயும் கீழயும் ஓடுது! நூலப் பத்தி எனக்கா தெரியாது? மாப்பிள்ள வூட்ல வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுறேன். நீ அளந்து முடி!"

வராந்தாவில் எதிரே வந்த, அஞ்சலாட்சியின் வழிகாட்டிப் பேராசிரியர் ராஜாங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஓடிடுச்சு சார்!" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு விரைந்தார்.

ராஜாங்கம் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "ஓடிடுச்சாமே! எங்க, காட்டு!"

அஞ்சலாட்சி தயங்கினாள். "ஸ்லைடு இன்னும் ஐஸ் பெட்டியில இருக்கு சார். நான் விளக்க மட்டும்தான் போட்டேன். அப்பா பாத்தது அவரோட கண்ணிமை முடி."

ராஜாங்கம் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

"அவரு பஸ் ஏறுற வரைக்கும் சிரிக்காத."