மூன்று சென்டிமீட்டர்

இந்த மாதம் தானே அளந்து பார்ப்பதாகச் சொன்னான்.

தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

பால்கனியில் வெயில் தொட்டிவரை வந்திருந்தது. அவன் செடியின் முன் குந்தி உட்கார்ந்தான். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

அந்தப் புரோமிலியாட் செடி ஒரு முறைதான் பூக்கும். விவாகரத்து வழக்கு நடந்த வருடம் பூத்தது. சிவப்பாக, மெழுகில் செய்தது போல, ஐந்து மாதம் நின்றது. அந்த ஐந்து மாதமும் இருவரும் ஒரே வீட்டில், வேறு வேறு அறைகளில் இருந்தார்கள். பிறகு பூ பழுப்பானது. செடி அடியில் ஒரு கன்று விட்டது. இனி கன்று வளரும், தாய் மெல்லக் காயும்.

கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் வழக்கின் பங்குப் பட்டியலில் இருந்தன. செடி விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் அவர்களே பேசிக்கொண்டார்கள்.

தாய் அவளுக்கு. கன்று அவனுக்கு.

தாயில் பாதி உயரம் வந்தால்தான் கன்றைப் பிரிக்கலாம். பாதி என்றால் பத்தொன்பது சென்டிமீட்டர்.

மாதத்தின் முதல் ஞாயிறு வருவான். கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பான். அவள் பால்கனியில் அளந்து சொல்வாள்.

பதிமூன்று. பதினான்கு. பதினைந்தரை. பதினாறு. பதினேழு.

"கவர்மெண்ட் ஆபீஸ்ல கூட இத்தனை தடவை அடுத்த மாசம் வான்னு சொல்ல மாட்டாங்க," என்றான் போன முறை.

"மனு எழுதிக் குடு. பாக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான்.

அவன் நாடாவை நீட்டினான்.

மூன்றாவது எண்ணில் அது தானாக மடங்கியது.

நீட்டினான். மறுபடி மடங்கியது.

ஒவ்வொரு முறையும் அளந்த நீளத்தில் முதல் மூன்று சென்டிமீட்டரை அவள் அங்கேதான் உள்ளே மடித்துவிட்டு, மீதியை மட்டும் எண்ணிச் சொன்னாள். முதல் மாதத்திலேயே தொடங்கிவிட்டாள். அப்போது கன்று உண்மையிலேயே சின்னது. பொய்க்குத் தேவைகூட இருக்கவில்லை.

மடிப்பின் மேல் அவன் நகத்தை ஓட்டினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். நிமிரவில்லை.

பிறகு கன்றை அளந்து, அந்த மூன்றை மடிப்பில் அப்படியே உள்ளே மடித்து, மீதியை எண்ணினான்.

"பதினெட்டு," என்றான்.

ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

இரக்கமா என்று பார்த்தாள். அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது.

இப்படி ஒன்று நடக்க வேண்டும் என்றுதான் ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நடந்தபோது அது வேறாக இருந்தது. அவள் மட்டும் பொய் சொன்னவரை பொய் அவளுடையது. இப்போது அதற்குள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் அதைத்தான் செய்தார்கள்.

"பிரிச்சு அள."

"எதுக்கு? பதினெட்டுதான்."

"பிரிச்சு அள."

அவன் அளக்கவில்லை.

அவள் உள்ளே போய்க் கத்தியோடு வந்தாள்.

கன்று சுலபமாக வந்துவிட்டது. அதற்குச் சொந்த வேர்கள் இருந்தன, ஒரு விரல் நீளத்துக்கு. எப்போதோ தயாராகிவிட்டிருந்தது. வெட்டிய இரண்டு இடங்களிலும் மஞ்சள்தூள் அப்பினாள். கன்றைச் செய்தித்தாளில் சுற்றினாள்.

"ஒரு நாள் காய விட்டு நடு. தண்ணி வேர்ல ஊத்தாத. இலைங்களுக்கு நடுவுல இருக்கிற குழியில ஊத்து."

"தெரியும். இத்தன வருஷம் நாந்தான ஊத்தினேன்."

அது உண்மைதான்.

அன்று காபி குடிக்காமல் போனான்.

பால்கனியைக் கூட்டினாள். தாய்ச் செடியின் நடுக் குழியில் தண்ணீர் குறைந்திருந்தது. ஒரு டம்ளர் ஊற்றினாள். கன்று இருந்த பக்கம் வெறுமையாக, மஞ்சளாக இருந்தது.

கத்தியைக் கழுவி வைத்தாள். தையல் பெட்டியை மூடப் போனவள் நாடாவைத் தேடினாள்.

தொட்டிக்குப் பின்னால் இல்லை. துணிக்கொடிக்குக் கீழே இல்லை. மேசையில் இல்லை.

அவன் எடுத்துப்போயிருந்தான்.

மடிப்போடு.