சித்தி போட்ட நிகழ்ச்சி

மகளைக் கூட்டிப்போக வந்த தையல்காரி, முன்னாள் கணவனின் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறாள். உள்ளே டிவியின் நீல வெளிச்சத்தில் ஒரு நண்டு தன் பழைய ஓட்டை விட்டு மெல்ல வெளியே வருகிறது. ஏழு வயது மகள், அவனுடைய புது மனைவியான சித்தியின் தோளில் சாய்ந்து, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதே நிகழ்ச்சியைத்தான் தையல்காரியும் தன் வீட்டில் தேடித் தேடிப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு, "போரடிக்குதும்மா" என்று சிணுங்கியவள் இந்த மகள்தான். "இங்க மட்டும் எப்படிடி பிடிக்குது?" என்கிறாள் தையல்காரி. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ போட்டுட்டு மிஷின்ல போய் உக்காந்துடுவ. சித்தி கூடவே பாப்பாங்க." சித்தி பதறி, "உக்காருங்கக்கா" என்று சோபாவின் ஓரத்தைக் காட்டுகிறாள். தையல்காரி செருப்பை உதறிவிட்டு உள்ளே போகிறாள். ஓரத்தை விட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்காருகிறாள்.